லாச்சிக்குள் பதினொரு நாள்

1

போன ஞாயிற்றுக்கிழமை பின்னேரம், ஓக்லாந்தின் மாசி என்ற பகுதியில் இருக்கிற மண்டபத்தில், ஒரு பாட்டின் நடுவில், எங்கள் குழுவை நடத்துகிற ஹேமி கையைத் தூக்கி எல்லோரையும் நிறுத்திவிட்டான். கதிரைகளில் இருந்த சனம் தேத்தண்ணிக் கோப்பைகளோடு எங்களையே பார்த்தது. பாட வந்த பெண்மணி மைக்கைப் பிடித்தபடி விழித்துக்கொண்டு நின்றார். ஹேமி என் பக்கம் திரும்பிக் கேட்டான்.

"பால், நீ யாருக்காகக் காத்துக்கொண்டு நிற்கிறாய்?"

பாலச்சந்திரன் என்ற பெயரை இந்த நாட்டில் ஒருவரும் முழுதாகச் சொன்னதில்லை. அது கிடக்கட்டும். அவன் கேட்ட கேள்விக்கு எனக்கு மறுமொழி தெரியும். தெரிந்தபடியால்தான், விரல் விறைத்துப் போச்சு என்று ஏதோ சொன்னேன். ஹேமி நம்பவில்லை. மறுபடி ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணித் தொடங்கினான்.

ஊரிலிருந்து இதை வாசிக்கிறவர்களுக்கு விளக்கம் சொல்லவேண்டும். ஓக்லாந்துக்கு வந்து நான் செய்கிற உத்தியோகம், விரி என்ற பகுதியில் இரும்புக் குழாய் செய்கிற தொழிற்சாலை ஒன்றில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுவது. ஞாயிறு பின்னேரத்தில் நான் செய்கிற வேலை வேறு. நகரத்தின் மற்ற அந்தத்தில் இருக்கிற மாசிக்குக் காரை ஓட்டிப் போய், கன்ட்ரி மியூசிக் சங்கம் ஒன்றில் பேஸ் கிற்றார் வாசிக்கிறேன். அங்கே யாரும் மேடைக்கு வரலாம். லொறி ஓட்டுகிறவர், பால் பண்ணைக்காரர், ஆஸ்பத்திரியில் துணி துவைக்கிற மாவோரி அம்மா. வந்து பாட்டையும் சுருதியையும் சொன்னால், நாங்கள் நான்கு பேர் பின்னால் நின்று வாசிக்கவேண்டும். பாட்டெல்லாம் மழை, சிறைச்சாலை, விட்டுப்போன மனைவி, செத்துப்போன நாய். நம்முடைய ஒப்பாரிக்குத் தொப்பியும் சப்பாத்தும் போட்டுவிட்டால் இந்தச் சங்கீதம்தான்.

ஹேமியும் மாவோரி, இந்த மண்ணின் பூர்வகுடி. அவன் தானே கட்டிய பாட்டுகளும் உண்டு. அவை இன்னும் மோசம். மாடு வெட்டுகிற தொழிற்சாலை, பறிபோன காணி, சாராயம். கிற்றாரை வேண்டுமென்றே கரகரக்க வைத்துப் பாடுவான். சங்கத்துப் பெரியவர்களுக்கு அது பிடிக்காது. எனக்குப் பிடிக்கும்.

இதில் பேஸுக்குப் பெரிய வித்தை ஒன்றுமில்லை. சட்ஜமும் பஞ்சமமும்தான். ச, ப, ச, ப. சின்னப்பிள்ளையும் வாசிக்கும் என்பார்கள். ஒரு பின்னேரம் முழுக்க நின்று வாசித்துப் பார்க்கட்டும், தெரியும். பேஸ்காரனிடம் கேட்பது ஒன்றே ஒன்று: நேரத்துக்கு வந்து சேர். அதுதான் எனக்கு வருகுதில்லை. கிற்றார் தனித்து வாசித்து முடிக்கிற இடத்தில், பஞ்சமத்திலிருந்து சட்ஜத்துக்குத் திரும்பவேண்டிய அந்த ஒரு இடத்தில், என் கை நின்றுவிடுகிறது. அரைக் கண் இமைப்புத்தான். ஆனால் எல்லோரும் அதில் தடக்கி விழுகிறார்கள்.

என் கை குகனுக்காகத்தான் நிற்கிறது. அவனைக் காணாமல் இந்த மாதத்தோடு ஒரு வருசம்.

2

குகன் என் சிநேகிதன். யாழ்ப்பாணத்தில் நாங்கள் ஐந்து பேர் ஒரு இசைக்குழு வைத்திருந்தோம். கலியாண வீடு, பள்ளிக்கூடக் கார்னிவல், சில வேளை கோயில் திருவிழாவின் கடைசி நாள். சினிமாப் பாட்டும் பைலாவும் வாசிப்போம். குகன் லீட் கிற்றார். பகலில் லேத் பட்டறையில் இரும்பு கடைகிறவன். அவனுடைய மாமன் ஒருவர் கப்பலில் வேலை செய்தவர். அவர் கொண்டுவந்த கசற்றுகளில் பாதி இந்த கன்ட்ரி பாட்டுகள். என் முதல் பேஸ் கிற்றாரும் அவர் கொண்டுவந்ததுதான். நான்கு கம்பிதானே, உனக்கு இது போதும் என்று குகன் என் கையில் தந்தான்.

கலியாண வீட்டில் பத்துச் சினிமாப் பாட்டுக்கு ஒன்று, குகன் தன் பாட்டைச் செருகுவான். தெரியாத பாஷை, தெரியாத பாட்டு. சனம் வடையைக் கடித்தபடி பேசாமல் கேட்கும். அவன் தனித்து வாசிக்கும்போது கடைசிச் சுரத்தை இழுத்துப் பிடித்துக்கொண்டு சபையை ஒரு சுற்றுப் பார்ப்பான். முன் வரிசையில் யார் இருக்கினம், பின்னால் எந்தப் பெண் பார்க்கிறாள், எல்லாம் பார்த்து முடியும்வரை நான் பஞ்சமத்தில் நிற்கவேண்டும். பிறகு சிரிப்பான். சிரித்தால் இறங்கலாம் என்று அர்த்தம்.

"ஏனடா இவ்வளவு நேரம் நிக்க வைக்கிறாய்? எனக்குக் கை நோகுது" என்று ஒருமுறை ஏசினேன்.

"நீ நிப்பாய் எண்டு தெரிஞ்சுதானே மச்சான் நான் போறன்" என்றான்.

பின்னால் பார்த்தவர்களில் ஒருத்திதான் பவானி. அவளையே கட்டினான். அவள் என்னை அண்ணை என்று கூப்பிடுவாள்.

3

எண்பத்து மூன்று கலவரத்துக்குப் பிறகு நான் வெளிக்கிட்டேன். நியூசிலாந்துக்குப் போட்ட விண்ணப்பம் சரிவந்தது. அதற்கு என் அம்மா சொன்ன காரணம், விண்ணப்பப் போமைத் தபாலில் போட்ட நாள். பஞ்சாங்கம் பார்த்து, அமிர்தயோகத்தில், சுப ஓரையில் போட்ட போம். "நாள் செய்யிறதை நல்லாரும் செய்யார்" என்பது அம்மாவின் பழமொழி. நான் பகிடி பண்ணுவேன். தபால்காரன் எந்த ஓரையில் சைக்கிளை எடுக்கிறான் என்று கேட்பேன். ஆனாலும் அம்மா வருசா வருசம் பஞ்சாங்கம் வாங்கித் தபாலில் அனுப்புவா. நானும் அதை மேசை லாச்சிக்குள் வைப்பேன். எறிந்ததில்லை.

ஹேமி விரியில் என் ஃபோர்மன். என் கையைப் பார்த்துவிட்டு, நீ கம்பி வாத்தியம் வாசிக்கிறவனா என்று கேட்டவன். அப்படித்தான் மாசிக்குப் போனேன். ஒருநாள் குகனைப் பற்றிச் சொன்னேன். லேத் வேலை தெரியும், லீட் கிற்றாரும் வாசிப்பான் என்றேன். ஹேமி இறைச்சி வைத்துச் சுட்ட பணியாரத்தைக் கடித்தபடி யோசித்தான்.

"எங்களுக்கு இரண்டுமே வேண்டும்" என்றான்.

முதலாளியிடம் போய் நின்று, கெஞ்சி, ஒன்றுக்கு மூன்று பொய்யும் சொல்லி, குகனுக்கு வேலை தருகிறோம் என்று ஒரு கடிதம் எழுதுவித்தான். அதை ஒரு ஞாயிறு மாசியில் வைத்து என் கையில் தந்தான். அன்றைக்கே தன் வீட்டிலிருந்து பழைய அம்பிளிஃபையர் ஒன்றைக் கொண்டுவந்து மேடையின் இடப்பக்கம் வைத்தான். குகனுக்கு. சுவிட்சைப் போட்டதும் சிவப்பு லைற் எரிந்தது. "ஆள் வந்த உடனே வாசிக்கவேண்டும், சூடேறும்வரை காத்திருக்கக் கூடாது" என்றான்.

குகனின் சான்றிதழ்கள் அதற்கு முதல் கிழமையே வந்துவிட்டன. போம் நிரப்பியாயிற்று. கையெழுத்தும் ஆயிற்று. அடுத்த நாள், திங்கட்கிழமை, லீவு எடுத்துக்கொண்டு நகரத்துக் குடிவரவு ஒபிசுக்குப் போய்க் கொடுக்கவேண்டியது மட்டும்தான் பாக்கி.

நான் லாச்சியைத் திறந்தேன்.

ஒருவரும் சொல்லவில்லை. சறோ, என் மனைவி, அவளுக்கு இதில் நம்பிக்கை இல்லை. குகன் கேட்கவில்லை. நானாகத்தான் திறந்தேன். எனக்கு நல்ல நாள் பார்த்துப் பலித்தது, அவனுக்கும் பலிக்கட்டுமே என்று நினைத்தேன். திங்களும் செவ்வாயும் அட்டமி, நவமி. பிறகு மூன்று நாள் குகனின் ராசிக்குச் சந்திராட்டமம். சனி, ஞாயிறு ஒபிஸ் பூட்டு. திங்கள் அமாவாசை. செவ்வாய் பாட்டிமை, அதுதான் பிரதமை. புதன் கரிநாள். வியாழன் மரணயோகம். வெள்ளிதான் அமிர்தயோகம், முழுநாளும்.

பதினொரு நாள் அந்த உறை லாச்சிக்குள் கிடந்தது, பஞ்சாங்கத்துக்கு மேலே.

வெள்ளிக்கிழமை நல்ல மழை. ஆவணி மாதம், இங்கே குளிர்காலம். பத்து நாற்பதுக்கு ஜன்னலடியில் என் முறை வந்தது. எல்லாம் சரியாக இருக்கிறதா என்று அந்தப் பெண் கேட்டார். நான் நம்முடைய வழக்கத்தில் தலையை ஆட்டினேன். அவர் அதை இல்லை என்று எடுத்துக்கொண்டு போமைத் திருப்பித் தள்ளிவிட்டார். நான் பதறி, "யெஸ், யெஸ்" என்று ஜன்னலுக்குள் கையை விட்டுத் தடுத்தேன். சிரித்தபடி முத்திரை குத்தினார். நல்ல நேரத்துக்குள் முடிந்தது என்று நானும் சிரித்துக்கொண்டு வந்தேன்.

4

கார்த்திகையில் ஒருநாள் விடியப்பறம் ஆமிக்காரர் ஊரைச் சுற்றி வளைத்தார்கள். குகன் கிணற்றடியில் பல் தீட்டிக்கொண்டு நின்றவன். சாரத்தோடு, கையில் பல்லுத் தூரிகையோடு கொண்டுபோனார்கள். விசாரித்துவிட்டு விடுவோம் என்று பவானியிடம் சொன்னார்களாம். அவன் மேலுக்குப் போட ஒரு சேட்டைக் கொண்டு அவள் பின்னால் ஓடினாளாம். வாகனம் போய்விட்டது. அதற்குப் பிறகு குகனைக் கண்டவர் இல்லை. எந்த முகாமிலும் அந்தப் பெயரில் ஆள் இல்லை என்றார்கள்.

ஒன்பது நாள் கழித்து, நியூசிலாந்துக்கு வரலாம் என்ற கடிதம் அவன் வீட்டுக்கு வந்தது.

பதினொன்றில் ஒன்பது போனால் எத்தனை என்று கணக்குப் படித்த எவனுக்கும் தெரியும். இரண்டு. நான் அந்தத் திங்கட்கிழமையே போமைக் கொடுத்திருந்தால், கடிதம் சுற்றிவளைப்புக்கு இரண்டு நாள் முந்தி வந்திருக்கும். ஒபிசுகள் அப்படி அளந்து வேலை செய்வதில்லை, தபாலும் அப்படி ஓடுவதில்லை. எனக்குத் தெரியாதா? ஃபோர்க்லிஃப்ட்டில் இருந்து குழாய்க் கட்டைத் தூக்கும்போது இந்த நியாயத்தை நானே எனக்குச் சொல்வேன். கட்டை இறக்கி வைப்பதற்குள் மறுபடி இரண்டு என்ற எண் வந்து நிற்கும். கையில் கடிதம் இருந்திருந்தால் குகன் கொழும்பு பஸ்ஸில் இருந்திருப்பான். கிணற்றடியில் நின்றிருக்க மாட்டான். ஐயோ, அந்தப் பல்லுத் தூரிகை.

சறோவுக்கும் சொல்லவில்லை. போம் எப்போது கொடுத்தேன் என்று அவள் கேட்டதில்லை. ஹேமி ஒருமுறை கேட்டான். "அடுத்த நாளே" என்றேன்.

பவானி பொட்டு வைக்கிறாள், தாலி போடுகிறாள். வருசம் திரும்புகிறது, திவசம் செய்யவேண்டாமோ என்று சொந்தக்காரர் ஒருவர் கேட்டாராம். "நாள் தெரியாத ஆளுக்கு எந்தத் திதியிலை செய்யிறது?" என்று அவள் திருப்பிக் கேட்க, அவர் எழும்பிப் போய்விட்டாராம். இதை என் அம்மா எழுதியிருந்தா.

இரண்டு மாதத்துக்கு முன் பவானியின் நீல விமானத் தபால் கடிதம் ஒன்று வந்தது. குகனின் தாய்க்குச் சுகமில்லை, மகன் பள்ளிக்கூடம் போகிறான் என்றெல்லாம் எழுதிவிட்டு, ஓரத்தில், மடிக்கிற இடத்தில், நெருக்கி எழுதியிருந்தாள்.

"அண்ணை, ஒரு விசயம் கேக்கவேணும். அவற்றை சேர்ட்டிபிக்கற்றுகளை நான் ஒரு கிழமை பிந்தித்தான் போட்டனான். பிள்ளைக்குக் காய்ச்சல், தபால் கந்தோருக்குப் போக ஏலாமல் போச்சு. அதாலைதானோ எல்லாம் பிந்தினது? எனக்குச் சொல்லுங்கோ. சொல்லாட்டி நான் இதையே நினைச்சு நினைச்சுச் செத்துப்போவன்."

என் பாவத்தை அவள் தூக்கிக்கொண்டு திரிகிறாள். நான் அந்தக் கடிதத்துக்கு இரண்டு மாதம் மறுமொழி போடவில்லை.

5

மகள் வதனிக்குப் பதினொரு வயது. நான் தமிழில் கேட்க அவள் ஆங்கிலத்தில் மறுமொழி சொல்வாள். இப்போது அது எங்கள் வீட்டின் ஒழுங்காகிவிட்டது. குகன் மாமா என்றால் அவளுக்குப் புகைப்பட அல்பத்தில் இருக்கிற தாடிக்காரர். மேடையில் அவருக்கு வைத்த அம்பிளிஃபையர் பெட்டியில் இன்னும் ஞாயிறுதோறும் சிவப்பு லைற் எரிவது அவளுக்குப் பயம். "அப்பா, இற்ஸ் க்ரீப்பி" என்று சொல்லி மாசிக்கு வருவதை நிறுத்திவிட்டாள். சனிக்கிழமைத் தமிழ் வகுப்பையும் நெற்போல் விளையாட்டுக்காக விட்டுவிட்டாள். சறோ ஏசுவாள், நான் பேசாமல் இருப்பேன். ஏச எனக்கு என்ன யோக்கியதை?

பவானியின் கடிதம் வந்து சில கிழமையில், வதனி பள்ளிக்கூடத்து வீட்டுவேலையோடு மேசைக்கு வந்தாள். உலக நேரங்களைக் கணக்குப் பார்க்கிற பயிற்சி. பெற்றோர் பிறந்த ஊரை எடுத்துச் செய்யவேண்டுமாம்.

"குளிர்காலத்திலை நாங்கள் ஆறரை மணித்தியாலம் முந்தி" என்றேன்.

அவள் அட்டவணை போட்டாள். இங்கே காலை பத்து நாற்பது என்று ஒரு வரி. அந்த நேரத்தை நான்தான் சொன்னேன். ஏன் சொன்னேன் என்று தெரியவில்லை. வாயில் வந்தது. அவள் விரலை மடித்து எண்ணினாள்.

"ஃபோர் ரென் இன் த மோர்னிங், அப்பா. தே ஆர் ஸ்டில் ஸ்லீப்பிங்."

விடிய நாலு பத்து.  ஊரில் பஞ்சாங்கக் கணக்குக்கு நாள் தொடங்குவது சூரிய உதயத்தில். நாலு பத்துக்கு ஊரில் இன்னும் வெள்ளிக்கிழமை பிறக்கவில்லை. அது வியாழன். அந்தப் பஞ்சாங்கம் யாழ்ப்பாணத்துச் சூரியனுக்கு எழுதியது. ஓக்லாந்து மழைக்குள் நின்று நான் அமிர்தயோகம் என்று கொடுத்த போமை, அந்தப் புத்தகத்தின் கணக்கில், மரணயோகத்தில் கொடுத்திருக்கிறேன்.

பதினொரு நாளைத் தின்றதும் போதாமல் இதுவுமா! நாள் பார்க்கிறதென்றால் ஒழுங்காகவாவது பார்த்திருக்க வேண்டாமா? அரைகுறைப் பக்தன் கோயிலையும் கெடுத்தான், வீட்டையும் கெடுத்தான். நான் எழும்பிப்போய் அந்தப் பஞ்சாங்கத்தை லாச்சியின் அடியில், பழைய மின்சார பில்லுகளுக்குக் கீழே தள்ளினேன்.

"வட்ஸ் றோங், அப்பா?" என்றாள் வதனி.

"ஒண்டுமில்லை அம்மா. கணக்குச் சரி" என்றேன்.

6

அதற்குப் பிறகுதான் என் கை மேடையில் நிற்கத் தொடங்கியது. போன ஞாயிறு, ஹேமி சனத்துக்கு முன்னால் கேட்டதைத்தான் தொடக்கத்தில் சொன்னேன்.

இடைவேளையில் அவன் என்னை வெளியே கூட்டிக்கொண்டு போனான். கார் நிறுத்துகிற இடத்தில் வெயில். அவன் என் முகத்தைப் பார்க்காமல் வீதியைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

"உன் ஆளுக்காகத்தானே?" என்றான்.

அப்போது சொன்னேன். பஞ்சாங்கம், அட்டமி, நவமி, பதினொரு நாள், ஒன்பது நாள், எல்லாம். ஆங்கிலத்தில் இதைச் சொல்லிப் பாருங்கள், எவ்வளவு விசர்த்தனமாக இருக்கும் என்று அப்போதுதான் விளங்கும். மரணயோகத்துக்கு நான் என்ன சொல்லைத் தேடுவது? "பாட் டே" என்றேன்.

ஹேமியின் கழுத்து சிவந்தது. "நான் அந்த முதலாளியிடம் கெஞ்சினேன்" என்றான். "வாழ்க்கையில் நான் எவனிடமும் கெஞ்சியதில்லை. நீ அடுத்த நாளே கொடுத்தேன் என்று என்னிடம் சொன்னாய்."

"பொய் சொன்னேன்."

அவன் அடிக்கப்போகிறான் என்று நினைத்தேன். அடித்திருந்தால் நல்லது. அவன் கையைப் பொக்கெற்றுக்குள் விட்டுக்கொண்டான்.

"எங்கள் சனம் செத்தவரின் உடம்பு வீட்டுக்கு வராமல் விடாது" என்றான். "வழியில் விட்டுவிட்டு இருக்கமாட்டோம். அந்தப் பெண்ணுக்கு உடம்பும் இல்லை, உண்மையும் இல்லை. உடம்பை உன்னால் கொடுக்கமுடியாது."

உள்ளே போய் இரண்டாம் பாதியை வாசித்தோம். அவன் என் பக்கம் திரும்பவில்லை. இடப்பக்கத்துப் பெட்டியின் சிவப்பு லைற் எரிந்தபடி இருந்தது. அவன் அதை அணைக்கவில்லை.

வீட்டுக்கு வந்து சறோவிடம் சொன்னேன். அவள் சோற்றுப் பானையை இறக்கி வைத்துவிட்டு என் முன்னால் வந்து நின்றாள்.

"ஒரு வருசமா இதை வயித்துக்குள்ளை வைச்சுக்கொண்டோ என்னோடை இருந்தனீங்கள்?" என்றாள். பிறகு, "எழுதுங்கோ. சாப்பிட்டிட்டு எழுதுறன் எண்டு சொல்லாதேங்கோ. இப்பவே இருந்து எழுதுங்கோ" என்றாள்.

எழுதினேன். பவானி, நீ பிந்தவில்லை, நான்தான் பிந்தினேன் என்று தொடங்கி, ஒன்றும் விடாமல் எழுதினேன். மேடையில் எரிகிற சிவப்பு லைற்றையும் எழுதினேன், ஏனோ. மன்னித்துக்கொள் என்று எழுதவில்லை. அதைக் கேட்க எனக்கு உரிமை இல்லை.

செவ்வாய்க்கிழமை வேலை விட்டு வரும்போது டெயரி என்கிற மூலைக்கடையில் முத்திரை வாங்கி, வாசலில் இருந்த தபால் பெட்டிக்குள் போட்டேன். போட்ட பிறகு கடிகாரத்தைப் பார்த்தேன். மூன்றரை. செவ்வாய், ராகுகாலம். இதைவிடக் கூடாத நேரத்தைத் தேடினாலும் கிடைக்காது. எனக்கு அழுகை வந்தது. டெயரிக்கார அம்மா வெளியே வந்து, சுகமில்லையா என்று கேட்டார்.

7

மேலே உள்ளதை எழுதி வைத்துவிட்டுப் பத்திரிகைக்கு அனுப்பாமல் இருந்தேன். இன்றைக்குப் பவானியின் மறுமொழி வந்தது. ஒரு மாதமும் மூன்று நாளும் ஆகியிருக்கிறது. அவள் எழுதியதை அப்படியே தருகிறேன். இதைப் போட அவளிடம் பிறகு கேட்பேன். அவள் வேண்டாம் என்றால் நீங்கள் இதை வாசித்துக்கொண்டிருக்கமாட்டீர்கள்.

"அண்ணைக்கு,

உங்கடை கடிதம் கிடைச்சுது. அண்ணை, எனக்கு முந்தியே தெரியும். அவருக்கு வந்த கடிதத்தோடை உங்கடை கொம்பனி முதலாளி எழுதின கடிதத்தின்ரை பிரதியும் வந்தது. அதிலை ஒரு திகதி. உங்கடை போம் கிடைச்ச திகதி மற்றதிலை. ரெண்டையும் பக்கத்திலை வைச்சுப் பாக்க எனக்குத் தெரியாதோ? ஒரு வருசமாப் பாத்துக்கொண்டிருக்கிறன். என்ன நடந்ததெண்டுதான் தெரியேல்லை. மறந்திட்டீங்களோ, விருப்பமில்லாமல் விட்டிட்டீங்களோ எண்டு நினைச்சு எத்தினை நாள் உங்களைத் திட்டியிருப்பன். நீங்களாச் சொல்லவேணும் எண்டுதான் சேர்ட்டிபிக்கற் கதையை எழுதினனான். நான் பிந்தினதும் உண்மைதான்.

நல்ல நாள் பாத்தனீங்கள் எண்டு வாசிக்கச் சிரிப்பு வந்தது, அழுகையும் வந்தது. இவர் நீங்கள் இதுகளிலை நம்பிக்கை இல்லாத ஆள் எண்டெல்லோ சொல்லுறவர்.

இனி நான் சொல்லுறதைக் கேளுங்கோ. கடிதம் ரெண்டு நாள் முந்தி வந்திருந்தாலும் அவர் வெளிக்கிட்டிருக்க மாட்டார். அந்த ரெண்டு நாளும் அட்டமி நவமி. மாமி வாசல் படலை தாண்ட விட்டிருக்க மாட்டா. தசமியிலை, விடிஞ்ச பிறகுதான் பஸ் ஏத்தியிருப்பா. அவங்கள் விடிய முதலே வந்திட்டாங்கள். அதாலை நீங்கள் இதை விடுங்கோ.

அந்தச் சிவப்பு லைற்றை அணைக்க வேண்டாமெண்டு உங்கடை சிநேகிதரிட்டைச் சொல்லுங்கோ.

பவானி."

சறோவும் வாசித்தாள். கடிதத்தை மடித்து மேசையில் வைத்தாள். அந்த வருசத்துப் பஞ்சாங்கம் இப்போதும் அந்த லாச்சியின் அடியில்தான் கிடக்கிறது. நான் போம் கொடுத்த நாளின் பக்கத்தைத்தான் பார்த்திருக்கிறேன். குகனைக் கொண்டுபோன கிழமையின் பக்கத்தை நான் ஒருபோதும் திறந்ததில்லை. கார்த்திகைக்கு நாலைந்து தாளைப் புரட்டினால் போதும். அந்த இரண்டு நாளும் அட்டமி நவமியா, அல்லது என்னைப் பிழைக்க விடுவதற்குப் பவானி இட்டுக்கட்டிய பொய்யா என்று தெரிந்துவிடும்.

சறோ லாச்சியை இழுத்தாள். மின்சார பில்லுகளைத் தூக்கிப் பஞ்சாங்கத்தை வெளியே எடுத்தாள்.

"நான் பாத்துச் சொல்லட்டே?"

"வேண்டாம்."

"அப்ப எறியட்டே?"

"எறியாதை."

அவள் என்னை ஒரு பார்வை பார்த்தாள். "பாக்கவும் மாட்டியள், எறியவும் மாட்டியள்" என்றாள்.

"ஓம்" என்றேன். அவள் அதைத் திரும்ப உள்ளே வைத்து லாச்சியை மூடினாள்.